அரிப்புக் கரையில் ஓர் அரசாங்க மாளிகை

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, பெருநிலக் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோமாயின், அருவியாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அரிப்பு என்னும் ஊரை அடைகிறோம். அவ்வூருக்குத் தெற்கே சிறிது தூரத்தில், கடலை நோக்கிய ஒரு சிறு மேட்டின் விளிம்பில், செங்கல்லாலான உயர்ந்த சுவர்த் துண்டுகள் சில நிற்கின்றன. கூரை இல்லை, கதவு இல்லை. கீழே மணலில் பெரிய பெரிய கட்டிடப் பாளங்கள் விழுந்து கிடக்கின்றன. அலை வந்து அவற்றின்மேல் ஏறி இறங்குகின்றது. மேட்டின்மேல் நிற்பதும் மணலில் கிடப்பதும் ஒரே கட்டிடத்தின் பகுதிகளே. ஆங்கிலேயர் இதனை 'டொறிக்' என்று அழைத்தனர். நம் மக்கள் 'அல்லிராணி கோட்டை' என்பர். இரண்டு பெயர்களுக்கும் காரணம் உண்டு. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

நேயர்களே, ஓர் அரசாங்கக் கட்டிடத்தின் வரலாறு என்றால், கட்டியவர் பெயரும் கட்டிய ஆண்டும் கூறி முடித்துவிடுவது வழக்கம். அதனைப் பேணியவர் யார், எவ்வளவு காலம் பேணினார், ஏன் விட்டார் என்பவற்றை யாரும் கேட்பதில்லை. ஆயினும், ஒரு கட்டிடம் நூறு ஆண்டு நிற்பதும் இருபது ஆண்டில் சிதைவதும் பெரும்பாலும் அக்கேள்விகளுக்குரிய விடையிலேயே தங்கியிருக்கின்றன. அரிப்பு மாளிகை அதற்கு நல்லதோர் உதாரணம்.

முதலில், மரமும் நிழலும் குறைந்த இந்த வறண்ட கரையில் ஆள்வோர் மாளிகை கட்ட எண்ணியது எதனால்? விடை கரையில் இல்லை; கடலடியில் இருக்கிறது. அரிப்புக்கும் தெற்கே குதிரைமலைக்கும் இடையில், கரையிலிருந்து சில மைல் தூரத்தில், கடலின் அடித்தளம் பாறையாக உயர்ந்து கிடக்கும் இடங்களைப் 'பார்' என்பர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்று அவற்றுக்கு நம் கடலோடிகள் இட்ட பெயர்களையே ஐரோப்பியரும் தம் வரைபடங்களில் எழுதிக்கொண்டனர். முத்துச் சிப்பி அப்பார்களிற் பற்றி வளர்ந்தது. உரோமப் பேரரசின் வரிக்குத்தகையாளர் ஒருவருடைய ஆள் காற்றினால் அலைக்கழிக்கப்பட்டு இலங்கையின் இப்புறாஸ் என்னும் துறையை அடைந்தான் என்று பிளினி எழுதினார். கிரேக்க மொழியில் அப்பெயர் குதிரையோடு தொடர்புடையது. ஆகவே அத்துறை நம் குதிரைமலையே என அறிஞர் சிலர் கருதுவர்.

பிற்காலத்தில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இக்கரையை விடாது பிடித்துக்கொண்டதற்கும் முத்தே பெருங் காரணம். அரிப்பு ஊரில் அவர்கள் காலத்துச் சிறு கோட்டை ஒன்று உண்டு. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், தம் தோழர் ஒருவருடன் தப்பி, அருவியாற்றின் போக்கைத் தொடர்ந்து காடுவழியே நடந்து, 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வந்து சேர்ந்தது அந்தக் கோட்டைக்கே. ஒல்லாந்தக் காவலர் அவரை வரவேற்று மன்னார்க் கோட்டைக்கு அனுப்பினர். ஆங்கிலேயர் காலத்தில் அரிப்புக் கோட்டை வழிப்போக்கர் தங்கும் விடுதியாகவும் பயன்பட்டது. இச்சிறு கோட்டையையும் நாம் கூறவந்த மாளிகையையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். கோட்டை ஊருக்குள் இருப்பது, பழையது. மாளிகை ஊருக்கு வெளியே இருப்பது, ஆங்கிலேயர் கட்டியது.

1795ஆம் ஆண்டு ஒக்டோபரில் மன்னார்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. 1768 முதல் அதுவரை முத்துக் குளிப்பே நடக்கவில்லை. எனவே பார்களில் சிப்பி நிறைந்து கிடந்தது. கிழக்கிந்தியக் கம்பனியார் அடுத்தடுத்த ஆண்டுகளிற் குளிப்பு நடத்தினர். 1797இலும் 1798இலும் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல் வருமானம் கிடைத்தது. புதிதாகக் கைப்பற்றிய ஒரு நாட்டின் ஒரு மூலையிலிருந்து, சில வாரங்களுக்குள், இத்தனை பணம்! ஆனால் விதைநெல்லையும் குற்றித் தின்றவன் கதையாக, பார்கள் விரைவில் வறிதாயின.

1798ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரெடரிக் நோர்த் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதியாக வந்து சேர்ந்தார். 1801ஆம் ஆண்டு அரச பட்டயத்தின்படி இலங்கையில் உயர்நீதிமன்றம் நிறுவப்பட்டது அவர் காலத்திலேயே. 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. நிருவாகம், நீதி, கல்வி, நிலவரி ஆகிய யாவற்றிலும் கைவைத்த அவர், முத்துக் குளிப்பைக் கண்காணிக்கவும் அக்காலத்தில் தாம் தங்கவும் ஒரு மாளிகை வேண்டுமென்று எண்ணினார். 1802க்கும் 1804க்கும் இடையில் அரிப்பு மாளிகை எழுந்தது. அதன் வடிவத்தை அவரே வகுத்தார் என்பர்.

அந்த வடிவத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நோர்த் இலங்கைக்கு வருமுன்னரே கிரேக்க மொழியிலும் பண்பாட்டிலும் பெருங் காதல் கொண்டவர். கிரேக்கத் திருச்சபையிற் சேர்ந்தவர். பின்னாளில் கில்பேட் பிரபு என்னும் பட்டம் பெற்று, கோர்பூத் தீவில் 1824இல் கிரேக்கருக்கென ஓர் உயர்கலைக் கழகத்தை நிறுவினார். பழைய கிரேக்கக் கோயில்களின் தூண்கள் மூன்று முறைகளில் அமைந்தவை. அவற்றுள் மிகவும் எளியதும் உறுதியானதும் டொறிக் முறை. அந்த முறைப்படி, மன்னார் வளைகுடாவின் மணற்கரையில் ஒரு வீட்டை அவர் கட்டுவித்தார். சுற்றிலும் கல் கிடையாதாகையால் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் சிப்பி சுட்டெடுத்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசினர். இரண்டு தட்டு வீடு. அக்காலத்தில் அதனை நேரில் கண்ட ஜேம்ஸ் கோர்டினர் என்னும் பாதிரியார் 1807இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், தீவிலுள்ள கட்டிடங்களுள் மிக அழகியது இதுவே என்ற கருத்துப்பட எழுதினார். வெண்பளிங்குபோல் விளங்கிய அம்மாளிகையைக் கடலில் வெகு தூரத்திலேயே காணலாமாதலால், மாலுமிகளுக்கு அது ஒரு கரைக்குறியும் ஆயிற்று. பார்களின் இடத்தைக் கணக்கிடுவோர் அதனை வைத்துத் திசை குறித்தனர்.

மாளிகை எழுந்த விதம் இது. இனி அதன் பணி என்னவென்று பார்ப்போம். மாரிக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுமுன் கடல் அமைதியாயிருக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே குளிப்புக் காலம். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், மலையாளக் கரையார், பாரசீகக் குடாவிலிருந்து அராபியர் எனப் பலர் தோணிகளில் வந்து கூடுவர். நள்ளிரவில் நிலக்காற்றைப் பிடித்துத் தோணிகள் புறப்படும். விடியற்காலையிற் பாரை அடையும். சைகை கிடைத்ததும் குளிப்புத் தொடங்கும். குளிகாரன் காலிற் கல்லை மாட்டி இறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிடத்திற்குள் அள்ளக்கூடிய சிப்பியைக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைப்பான். தோணியிலுள்ள துணையாள் இழுத்தெடுப்பான். நண்பகலின் பின் கடற்காற்றில் எல்லாத் தோணிகளும் கரைக்குத் திரும்பும். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் 'கடல் கட்டி'க்கும் அரசாங்கமே கூலி கொடுத்தது. தேசாதிபதி நம்பினாரோ இல்லையோ, குளிகாரர் நம்பினர். அவரின்றி அவர்கள் இறங்கார்.

கரைக்கு வந்த சிப்பி 'கொட்டு' எனப்படும் வேலியடைத்த முற்றத்திற்குப் போகும். அங்கே எண்ணிப் பங்கிடுவர். பிற்கால வழக்கப்படி மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்திற்கு. ஒரு பங்கு தோணிக்கு. அரசாங்கப் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலத்தில் விலைப்படும். வாங்கியவர் அதனை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பர். துர்நாற்றமும் ஈயும் சொல்லி முடியா. இவ்வாறு ஆயிரக்கணக்கானோர், பல மொழியினர், பல மதத்தினர், கையிற் பணத்தோடும் மடியில் முத்தோடும் ஒரே இடத்திற் கூடினால் களவும் கடனும் பங்குச் சண்டையும் எழாதிருக்குமா? ஆகவே குளிப்பு நடக்குமிடத்தில் கச்சேரியும் நீதிஸ்தலமும் மறியற்சாலையும் வைத்தியசாலையும் உடன் எழவேண்டியிருந்தன.

அவை எவற்றால் எழுந்தன என்பதே கவனிக்கத்தக்கது. காட்டுக் கம்பும் ஓலையுமே கட்டிடப் பொருள். பருவம் முடிந்ததும் பிரித்துப்போடுவர். அல்லது காற்றுக்கே விட்டுவிடுவர். அடுத்த குளிப்பு எந்தக் கரையில் நடக்குமோ அந்தக் கரையில் மீண்டும் கட்டுவர். தொடக்கத்திற் கொண்டச்சியிலும் அரிப்பிலும், பின்னர்ச் சிலாவத்துறையிலும், அதன்பின் மறிச்சுக்கட்டியிலும் அத்தகைய ஊர்கள் தோன்றி மறைந்தன. நீதி வழங்கும் மன்றம் ஓலைப்பந்தலில். அதிகாரி தங்கும் மாளிகை கிரேக்கத் தூண்களோடு! பந்தலுக்குப் பராமரிப்பு என்ற தொல்லையே இல்லை. தேவையானபோது புதிது கட்டிக்கொள்ளலாம். மாளிகைக்கோ ஆண்டுதோறும் வெள்ளை பூசவேண்டும், ஒழுக்கு அடைக்கவேண்டும், உப்புக்காற்று அரித்த சாந்தைக் கொத்தி மறுபடியும் பூசவேண்டும், காவலாள் வைக்கவேண்டும்.

அதற்குரிய பணம் முத்திலிருந்தே வரவேண்டும். முத்தோ அரசாங்கத்தின் விருப்பப்படி விளைவதில்லை. 1820 தொடக்கம் 1828 வரையும், 1837 தொடக்கம் 1854 வரையும் குளிப்பே இல்லை. 1863இன் பின்னும் பல ஆண்டுகள் வெறுமையாயின. 1887 முதல் 1891 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் நல்ல விளைவு. பின்னர் 1902 வரை மீண்டும் ஒன்றுமில்லை. சிலபோது பார்கள்மேல் மணல் வந்து மூடியது; சிலபோது திருக்கைகளும் பிற மீன்களும் சிப்பியைத் தின்றழித்தன; சிலபோது மனிதரின் பேராசையே காரணம். பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து வருவாய் தராத ஒரு கரையில், பதினேழு ஆண்டுகள் எவரும் தங்காத ஒரு மாளிகைக்குச் சுண்ணாம்பு வாங்க எந்த அதிகாரி கையொப்பமிடுவார்? நோர்த் 1805இல் நாட்டைவிட்டுச் சென்றார். அவருக்குப்பின் வந்த தோமஸ் மெயிற்லண்ட் செலவைச் சுருக்குவதிற் கண்ணுங் கருத்துமாக இருந்தவர். மாளிகைமீது காதல் கொண்டவர் ஒருவரே. அவர் போனபின் அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாயிற்று.

இதனோடு மன்னார்க் கோட்டையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1560இல் போர்த்துக்கேயப் பிரதிநிதியாகிய கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து, திரும்பும் வழியில் மன்னாரைப் பிடித்துக் கோட்டை அமைத்தார். திருக்கேதீச்சரக் கோயிலின் கற்கள் அதற்குப் பயன்பட்டன என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் திருத்திக் கட்டினர். 1795இல் ஆங்கிலேயர் எடுத்தனர். நான்கு கொத்தளமும் அகழியும் உடைய அக்கோட்டையின் உள்வீடுகள் பாழடைந்தனவாயினும், மதில் இன்றும் நிற்கின்றது. அது அழகுக்காகக் கட்டப்பட்டதன்று. கட்டியவருக்குப் பின் வந்தவர்களும் அதனுள் குடியிருந்தார்கள். குடியிருப்பவன் தன் தலைமேல் ஒழுகும் கூரையைத் தானே அடைத்துக்கொள்வான். அரிப்பு மாளிகைக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

முத்துக் குளிப்பின் கடைசிப் பெருநாட்களைப் பற்றியும் கூறிவிடலாம். வெறுமை ஆண்டுகளின் காரணத்தை ஆராயும்படி பேராசிரியர் ஹேட்மன் என்பவரை அரசாங்கம் 1902இல் வரவழைத்தது. அவரும் ஜேம்ஸ் ஹோர்னலும் செய்த ஆராய்ச்சி ஐந்து பாகங்களாக வெளிவந்தது. தற்செயலோ நல்வினையோ, 1903 முதல் பார்கள் மறுபடியும் பெருகின. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 318 தோணிகள் கடலில் இறங்கின. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அரசாங்கம் இருபத்தைந்து லட்சம் ரூபாவுக்கு மேற் பெற்றது. மறிச்சுக்கட்டிக் காட்டோரத்தில் பல்லாயிரம் மக்கள் வாழும் ஓலைப்பட்டினம் ஒன்று சில வாரங்களில் எழுந்தது. 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் இளம் அதிகாரியாகப் பணிபுரிந்தவர், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப். கொட்டின் நெருக்கடி, ஈக்கள், உறக்கமின்மை, அராபியக் குளிகாரர் ஒருவர் இறந்தபோது அவருடைய தோழர் துக்கம் கொண்டாடிய விதம் ஆகியவற்றை அவர் தம் முதுமையில் எழுதிய வரலாற்றில் மறவாது குறித்தார். அந்த ஆண்டிலேயே அரசாங்கம் பார்களை ஆண்டுக்கு மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபா வீதம் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனிக்கு விட்டது. 1907க்குப் பின் சிப்பி இல்லை; கம்பனி கலைந்தது. குத்தகையை விட்ட அரசாங்கம் கெட்டிக்காரத்தனமாக விட்டதா, தெய்வாதீனமாகத் தப்பியதா என்று நான் சொல்லமாட்டேன். 1925இல் ஒருமுறை பெருங் குளிப்பு நடந்தது. அதன்பின் அத்தகைய காட்சியை அந்தக் கரை கண்டதில்லை.

இனி, அல்லிராணி. பாண்டவரில் அருச்சுனனை மணந்த வீரப்பெண்ணாகிய அல்லி, அல்லியரசாணி மாலை என்னும் நாட்டுக் காவியத்தில் மதுரையை ஆண்டவள். நம் கரையோர மக்களின் கதையிலோ அவள் குதிரைமலையில் அரசிருந்து, முத்துக்குப் பதிலாகக் குதிரைகளைப் பெற்று வாணிகம் செய்தவள். அவளுடைய கோட்டையே அரிப்பில் இடிந்து நிற்பது என்று ஊரார் கூறுவர். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். தேசாதிபதி நோர்த்தையும் 1804ஆம் ஆண்டையும் விளக்கி முடித்தபின் ஒரு சிறுமி, "அப்படியென்றால் அல்லிராணி எங்கே படுத்தவ, சேர்?" என்று கேட்டாள். உடன்வந்த முதிய மீனவர் சற்றும் தயங்காது மேல்மாடம் இருந்த வெற்றிடத்தைக் கைநீட்டிக் காட்டினார். நான் திருத்த முற்படவில்லை. கட்டியவன் மறந்துபோன கட்டிடத்தை ஒரு கதைதான் இருநூறு ஆண்டுகளாக ஊரோடு ஒட்டவைத்திருக்கிறது. ஆனால் வகுப்பறையிற் கதையையும் வரலாற்றையும் பிரித்தே கற்பிக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

போர்க்காலம் இக்கரைக்குப் பெருந்துன்பம் விளைத்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முசலிப் பகுதியின் ஊர்கள் பல வெறிச்சோடின. எஞ்சிய தமிழ் மக்களும் பலமுறை இடம்பெயர்ந்தனர். 2007இல் சிலாவத்துறைப் பகுதி இராணுவத்தின் வசமாயிற்று. 2009இல் போர் முடிந்தபின் சனங்கள் சிறிது சிறிதாகத் திரும்பினர். வீட்டுக்கூரையும் கிணறும் இழந்து வந்தவர்களிடம் பழைய மாளிகையின் சுவரைப் பற்றிப் பேச யாருக்கும் நா எழாது, எழவும் கூடாது. ஆயினும் அந்த ஆண்டுகளிலும் கடல் தன் வேலையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு தென்மேற்குப் பருவத்திலும் அலை மேட்டின் அடியை உண்கிறது, மண் சரிகிறது, அதன்மேல் நின்ற சுவர் பிளந்து முன்னோக்கி விழுகிறது. ஊரின் பெயர் அரிப்பு என்றிருப்பதைக் கேட்டு வெளியூரார் சிரிப்பதுண்டு. பெயரின் மூலம் எதுவாயினும், கரையைப் பொறுத்தவரை அது இப்போது முற்றும் பொருந்துகிறது.

இடிபாடு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்பொருட் சின்னம். பெயர்ப்பலகை நாட்டினாற் சுவர் நிற்குமா? மேட்டின் அடியிற் கற்களை இட்டு அலையைத் தடுக்கலாம் என்பர் சிலர். ஓரிடத்திற் கல்லிட்டால் அலையின் வேகம் பக்கத்துக் கரையைத் தாக்கும். அங்கே மீனவரின் வாடிகளும் தோணித்துறையும் இருக்கின்றன. ஆகவே அதனைக் கடலியல் அறிந்தவர் அளந்து பார்த்தே செய்யவேண்டும். விழுந்ததைத் திரும்ப எடுத்துக் கட்டுவது என் கருத்தில் வீண். புதுச் செங்கல்லில் ஒரு பொய் மாளிகையை நிறுத்துவதைவிட, நிற்கும் சுவர்களைச் சிப்பிச் சுண்ணாம்பாலேயே இறுக்கி, சீமெந்து பூசாது விடுவது மேல். சீமெந்தும் பழைய சாந்தும் ஒன்றோடொன்று பொருந்தா. சீமெந்து ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். உப்பு செங்கல்லைத் தூளாக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பெரும்பணம் தேவையில்லை. இப்போது நிற்கும் ஒவ்வொரு சுவரையும் அளந்து, படம் பிடித்து, வரைபடம் எழுதி, அதன் ஒரு பிரதியை மன்னாரிலேயே மாணவர் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவேண்டும். விளிம்பிலிருந்து முதற் சுவர் வரை எத்தனை அடி என்று பருவத்திற்கு ஒருமுறை அளந்து எழுதிவைப்பதைப் பாடசாலைப் பிள்ளைகளே செய்யலாம். அளவுநாடா ஒன்று போதும். தென்மேற்குக் காற்று வைகாசியில் எழும். அதற்குமுன் ஓர் அளவு, அது ஓய்ந்தபின் ஓர் அளவு.